வயலினும் வில்லும் தொல்லை தரும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய வில் வாத்தியங்களில் தோன்றும் கோளாறுகளில் பெரும்பாலானவை மரப்பெட்டியில் பிறப்பவை அல்ல. தந்தி, வில்லின் முடி, குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு), பிருடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மர முளை), காற்றின் ஈரம் ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்றுதான் வழக்கமாகக் காரணமாக இருக்கும். ஆனால் கோளாறு காதில் விழும் இடமும் அது பிறக்கும் இடமும் வேறு வேறாக இருப்பதால், வாசிப்பவர் பதற்றத்தில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களைத் தொட்டுவிடுகிறார். பிறகு எது சரிசெய்தது, எது கெடுத்தது என்பது யாருக்கும் தெரியாமற் போகிறது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியபின் வாசித்துக் கேட்க வேண்டும், பழைய நிலைக்குத் திருப்ப முடியாத எதையும் வீட்டில் செய்யக் கூடாது என்ற மூன்று கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே கீழுள்ள வழிமுறைகள் அமைந்துள்ளன. நல்ல வெளிச்சம், உலர்ந்த பருத்தித் துணிகள் இரண்டு, மென்மையான பென்சில், மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், சிறு கண்ணாடி ஆகியவை போதும்.

சுருதி நிற்கவில்லை

புதிய தந்தி போட்டு ஓரிரு நாள்கள்தான் ஆகின்றன என்றால் கோளாறு எதுவும் இல்லை. எஃகு தந்தி விரைவில் நிலைகொள்ளும். செயற்கை இழையை உள்ளீடாகக் கொண்ட தந்திக்குச் சில நாள்கள் வேண்டும். குடல் தந்தி எல்லாவற்றையும்விட மெதுவாக அடங்கும் என்பதோடு, காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் பின்னரும் விலகிக்கொண்டே இருக்கும்.

பழைய தந்தி இறங்குகிறது என்றால் பிருடையைப் பார்க்க வேண்டும். பிருடை ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும், வயலினில் 30 அலகு நீளத்துக்கு ஓர் அலகு என்ற விகிதத்தில் சரிவாகக் கடையப்பட்டது. அதனால் அதை வெறுமனே திருகினால் நிற்காது. திருகும்போதே, பிருடைகள் செருகியிருக்கும் தலைப்பெட்டிக்குள் மெல்ல அழுத்த வேண்டும். தந்தியைச் சுற்றிய விதமும் இதில் சேரும். சுற்றுகள் பிருடையின் கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரை நோக்கி நெருங்கிச் சென்றால் தந்தியின் இழுவையே பிருடையை உள்ளே பிடித்து வைக்கும். எதிர்ப்பக்கம் சென்றாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, பிருடை மெல்ல வெளியே தள்ளப்படும். சுவரை முட்டி நெரியும் அளவுக்குச் சுற்றுவதும் தவறு. காலப்போக்கில் பெட்டியின் சுவர் அந்த இடத்தில் வெடிக்கும்.

சுற்று சரியாக இருந்தும் வழுக்கினால், பிருடையைக் கழற்றி, பெட்டியின் சுவர்களோடு உராய்ந்து பளபளக்கும் இரு வளையங்களையும் துணியால் துடைத்துவிட்டு, அவற்றின்மீது மட்டும் பிருடைப் பசையைச் சிறிதளவு தடவ வேண்டும். வழுக்காமலும் இறுகாமலும் திரும்ப வைப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. அது கைவசம் இல்லாவிட்டால் வழுக்கும் பிருடைக்குச் சிறிது சாக்கட்டித் தூளும், இறுகிய பிருடைக்கு உலர்ந்த சோப்பும் தற்காலிகமாக உதவும். எண்ணெய் எதுவும் இங்கே வரக் கூடாது. மரத்துக்குள் இறங்கிய எண்ணெயைப் பிறகு எடுக்க இயலாது. பிருடையின் மெல்லிய முனை மறுபக்கம் நெடிதாக நீண்டு, கைப்பிடி பெட்டியை ஒட்டிவிட்டது என்றால் துளை தேய்ந்துவிட்டது. அதை அடைத்து மீண்டும் துளையிடுவது கைவினைஞரின் வேலை.

நான்கு பிருடைகளும் ஒரே இரவில் தளர்ந்தாலோ, ஒன்றுமே அசையாமல் இறுகினாலோ, பிருடைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. வறண்ட காற்றில் மரம் சுருங்குகிறது, ஈரக் காற்றில் உப்புகிறது. சார்பு ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் நின்றால் வாத்தியம் நிம்மதியாக இருக்கும். வாத்தியத்தை வைக்கும் பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானி வைத்திருப்பவர்கள் பாதிக் கோளாறுகளை முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்கள்.

சுருதி படிப்படியாக ஏறாமல், ஒன்றும் நடவாதது போல் இருந்துவிட்டு ‘டக்’கென்று தாண்டுகிறதா? அப்படியானால் தந்தி, விரற்பலகையின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ என்னும் சிறு கட்டையின் பள்ளத்திலோ குதிரையின் பள்ளத்திலோ சிக்கி விடுபடுகிறது. தந்தியைச் சற்றுத் தளர்த்தி ஒதுக்கி, அப்பள்ளத்தில் பென்சிலால் தேய்த்தால் அதன் கரியே மசகாகச் செயல்படும்.

இன்னொரு வகை உண்டு: திறந்த தந்திகள் துல்லியமாகச் சேர்கின்றன, ஆனால் விரல் வைத்த சுரங்கள் எங்கோ விலகுகின்றன. அடுத்தடுத்த இரு தந்திகளின்மீது ஒரே விரலைக் குறுக்காக வைத்து, பல இடங்களில் வாசித்துப் பார்க்கவும். திறந்த நிலையில் சேர்ந்த இரண்டும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் விலகினால், அவற்றில் ஒன்று சீரிழந்துவிட்டது. விரல் பயிற்சியால் தீராத பிழை இது. தந்தியை மாற்ற வேண்டும்.

வில் வழுக்குகிறது, அல்லது ஒலி கரகரக்கிறது

புதிதாக முடி கட்டிய வில் முதலில் ஒலியே எழுப்பாது. குதிரைவால் முடி தானாகத் தந்தியைப் பற்றுவதில்லை. பைன் மரப்பிசினில் செய்த ரோசின் ஏறிய பிறகே பற்றும். புதிய முடிக்குப் பொறுமையாகப் பல முறை தேய்க்க வேண்டும். பழகிய முடிக்கு வாசிக்குமுன் நான்கைந்து இழுப்பு போதும். புதிய ரோசின் கட்டியின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் அது முடியில் ஒட்டாது; நுண்ணிய உப்புத்தாளால் மேலே இலேசாகக் கீறிவிட வேண்டும்.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதன் நேர் எதிர்: அளவுக்கு மீறிய ரோசின். வாசிக்கும்போது வெண்துகள் புகைபோல் எழுந்து குதிரைக்குக் கீழே படிந்தால் அடுத்த சில நாள்கள் ரோசின் தேய்க்காமலே வாசிக்கலாம். ஒவ்வொரு முறை வாசித்து முடித்தவுடனும் தந்திகளையும், விரற்பலகைக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட மேற்பலகையையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அந்தத் துணியால் வேறெதையும் துடைக்கக் கூடாது. தந்தியில் இறுகிய ரோசினை ஆல்கஹாலால் கரைக்கச் சிலர் சொல்வார்கள். தந்தி சுத்தமாகும் என்பது உண்மை; ஆனால் ஒரு துளி சிந்தினாலும் வார்னிஷ் கரைந்து தழும்பாகிவிடும். வாத்தியத்தின்மீது தந்தி இருக்கும்போது அந்த முறையைக் கையாளாமல் இருப்பதே நல்லது.

முடியில் கை பட்ட இடத்தில் தோலின் எண்ணெய் ஏறி, அந்தப் பகுதி மட்டும் கறுத்து வழுக்கும். கைப்பிடியை ஒட்டிய சில அங்குலம் எல்லா வில்களிலும் இப்படித்தான் கறுக்கிறது.

வயலினின் முதல் தந்தியைத் திறந்து வாசிக்கும்போது சுரம் எழாமல் விசில் எழுவது தனிக் கதை. மெல்லிய வெற்று எஃகு தந்தி சில வேளைகளில் பக்கவாட்டில் அதிர்வதற்குப் பதிலாகத் தன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டு அதிர்கிறது; அப்போது தந்தியின் சுருதிக்குத் தொடர்பில்லாத கீச்சொலி கேட்கிறது. இரண்டாம் தந்தியிலிருந்து தாவும்போது, இடக்கை விரலின் ஓரம் முதல் தந்தியை அறியாமல் தொட்டுக்கொண்டிருந்தாலும் இது நேரும். ஆகவே முதலில் விரலைக் கவனிக்கவும். விரல் குற்றமற்றது என்றால் வில்லைச் சற்று உறுதியாக வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால், மேலே உலோக நாடா சுற்றிய முதல் தந்தியை வாங்கிப் போடுவதே தீர்வு.

எங்கிருந்தோ இரைச்சல் வருகிறது

வாத்தியத்தோடு சேர்ந்து ஏதோ ஒன்று ‘ஜிர்’ரென்று அதிரும் இந்தத் தொல்லைதான் மிகுதியான நேரத்தை விழுங்குவது. ஆயினும் இரைச்சல் எப்போது எழுகிறது என்பதைக் குறித்துக்கொண்டாலே தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

திறந்த தந்தியில் மட்டும் எழுந்து, எந்த விரலை வைத்தாலும் நின்றுவிடுகிறது என்றால் நட்டின் பள்ளம் தேய்ந்து தாழ்ந்திருக்கிறது. தந்தி விரற்பலகையின் தொடக்கத்தில் உரசுகிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். காகிதம் அன்றைய வாசிப்புக்குத் தாங்கும். நட்டை மாற்றுவதுதான் முறையான பரிகாரம்.

ஒரே தந்தியில், எங்கே விரல் வைத்தாலும் எழுந்தால், அத்தந்தியின் மேற்சுற்று தளர்ந்திருக்கலாம். நகத்தால் மெல்ல வருடினால் பிரிந்த இடம் தட்டுப்படும். பலமாக வாசிக்கும்போது மட்டும் எழுந்தால், தந்தி விரற்பலகைக்கு மிக அருகில் தாழ்ந்திருக்கக்கூடும். அல்லது அதன் இயல்பான சுருதிக்கு வெகு கீழே இறக்கி வாசிப்பதால் தளர்ந்து ஆடக்கூடும். இரண்டாவது காரணத்துக்குத் தடிமனான, இழுவிசை மிகுந்த தந்தி மருந்தாகும்.

ஒரே ஒரு சுரத்தில் மட்டும் எழுந்தால், அச்சுரத்தின் அதிர்வெண்ணுக்கு இசைந்து எங்கோ தளர்ந்த ஒரு பொருள் ஆடுகிறது. இதைத் தனியாகத் தேடுவது கடினம். இன்னொருவரை அந்தச் சுரத்தை விடாமல் வாசிக்கச் சொல்லி, ஐயத்துக்குரிய பாகங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்த வேண்டும். எதை அழுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. டெயில்பீஸில் (தந்திகளின் கீழ்முனைகள் மாட்டப்படும் பட்டை) பொருத்திய ஃபைன் ட்யூனர் என்னும் நுண்சுருதித் திருகியின் திருகும் அதன் வளையமும்தான் முதல் ஐயத்துக்கு உரியவை. அடுத்து, முதல் தந்தியில் குதிரைக்கு மேல் போட்டிருக்கும் சிறு குழாய், தந்தியில் செருகி வைத்த ஒலிக்குறைப்பான், மோவாய்த் தாங்கியின் இரும்புப் பிடி, தோள் தாங்கி, செல்லோவில் தரையூன்றும் கம்பியும் அதன் திருகும். மோவாய்த் தாங்கி டெயில்பீஸை மயிரிழையில் தொட்டுக்கொண்டிருப்பது பலமுறை நேர்வது. இரண்டுக்கும் இடையே ஒரு காகிதத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும். வாசிப்பவரின் சட்டைப் பொத்தானையும் காதணியையும்கூட விட்டுவிடக் கூடாது.

வெளிப் பாகங்கள் எவையும் இல்லையெனில் பெட்டியின் ஒட்டுகளைத் தட்டிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. விரல் முட்டியால் மேற்பலகையின் விளிம்பையும் பின்பலகையின் விளிம்பையும் சுற்றிலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வரவும். ஒட்டு உறுதியான இடத்தில் ஒலி திண்ணென்று இருக்கும். விட்டுப்போன இடத்தில் இரண்டு மெல்லிய பலகைகள் உரசுவது போன்ற சொத்தை ஒலி கேட்கும். வியர்வை படும் இடங்களான மோவாய்த் தாங்கியின் சுற்றுப்புறமும், மேற்பகுதியில் இடக்கை உரசும் விளிம்பும் முதலில் விடும்.

ஒட்டு விட்டுவிட்டது என்று அறிந்தவுடன் அஞ்ச வேண்டியதில்லை. இவ்வாத்தியங்கள் வஜ்ஜிரம் என்னும் விலங்குப் பசையால் ஒட்டப்படுபவை. மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை வெடிப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே மேற்பலகையை ஒட்டும் பசையை வேண்டுமென்றே நீர்க்க வைக்கிறார்கள். வெந்நீரும் மெல்லிய கத்தியும் கொண்டு பிரித்து, மீண்டும் ஒட்ட முடியும் என்பது அதன் இன்னொரு பெருமை. ஆகவே தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையையோ உடனடிப் பசையையோ அந்த இடுக்கில் ஒருபோதும் விடக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த வறட்சியில் ஒட்டு நிற்கும், பலகை பிளக்கும். பத்து நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது மேற்பலகையைக் கழற்றும் வேலையாக வளரும்.

தந்தி அடிக்கடி அறுகிறது

அறுந்த தந்தியை எறிந்துவிடாமல், எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்க வேண்டும். குதிரையின்மீது அறுந்தால் பள்ளம் கூராகவோ ஆழமாகவோ இருக்கிறது. தந்தியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பள்ளத்துக்குள் அமிழ வேண்டும். நட்டில் அறுந்தால் பள்ளத்தின் விளிம்பு வளைவின்றி வெட்டாக இருக்கிறது. ஃபைன் ட்யூனரில் அறுந்தால் கொக்கியின் ஓரத்தில் பிசிறு இருக்கிறது. இழுத்துச் சுருதி சேர்க்கும்போதே அறுகிறது என்றால், தொடக்க நிலையில் உள்ளவர்கள் சுருதிமானி காட்டும் எழுத்தை மட்டும் பார்த்து ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிடுவது உண்டு. வயலினின் இரண்டாம் தந்தி 440 ஹெர்ட்ஸ், முதல் தந்தி ஏறத்தாழ 659 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் கொண்டால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

எல்லாத் தந்திகளையும் மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு ஓரளவு இழுத்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். இதன் காரணம், வாத்தியத்துக்குள் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்னும் தூணைப் பற்றிப் பின்னர் பேசும் இடத்தில் வருகிறது.

குதிரை சாய்ந்திருக்கிறது, அல்லது தந்திகள் உயரமாக இருக்கின்றன

குதிரை ஒட்டப்பட்டதன்று, தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. பிருடையைத் திருகும் ஒவ்வொரு முறையும் தந்தி குதிரையின் மேல்விளிம்பைச் சிறிது விரற்பலகைப் பக்கம் இழுத்துச் செல்கிறது. இதை யாரும் கவனிக்காமல் விட்டால் குதிரை முதலில் சாயும், பிறகு வளையும், இறுதியில் ஒரு நாள் ஓசையுடன் விழும். விழும்போது டெயில்பீஸ் மேற்பலகையில் குத்துவதுதான் உண்மையான இழப்பு.

பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது, குதிரையின் டெயில்பீஸை நோக்கிய முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரு பாதங்களும் இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். மேற்பலகையிலுள்ள ‘f’ வடிவ எஃப் துளைகளின் உட்பக்கத்து வெட்டுகளை ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின்மீதே பாதங்கள் அமைவது வழக்கம். சாய்வைத் திருத்த, வாத்தியத்தை மடியில் அசையாமல் வைத்து, தந்திகளைச் சற்றே தளர்த்தி, இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குதிரையின் மேல்விளிம்பைப் பிடித்திருக்க, மில்லிமீட்டருக்கும் குறைவான அடிகளாகத் தள்ள வேண்டும். ஏற்கெனவே வளைந்துபோன குதிரையை நிமிர்த்த முயல்வதைவிடப் புதியது செதுக்கிப் பொருத்தச் சொல்வது நல்லது. கடையில் வாங்கிய குதிரையை அப்படியே நிறுத்த முடியாது. பாதங்கள் அந்தந்த மேற்பலகையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கப்பட வேண்டியவை.

விரல் நோகிறது, மேல் ஸ்தாயியில் அழுத்த முடியவில்லை என்பவர்கள் விரற்பலகையின் முடிவில் தந்தியின் உயரத்தை அளந்து பார்க்கலாம். முழு அளவு வயலினில் முதல் தந்திக்கு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டரும், நான்காம் தந்திக்கு 5 முதல் 5.5 மில்லிமீட்டரும் இருக்கும். செல்லோவில் முதல் தந்திக்கு 5, நான்காம் தந்திக்கு 8 என்ற அளவை ஒட்டி வரும். அளவு மிகுந்திருந்தால் முதலில் குதிரை திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். தாழ்ந்த பக்கம் முதல் தந்திக்கு உரியது. ஈரமான காலத்தில் உயரம் கூடுவதும் வறண்ட காலத்தில் குறைவதும் இயல்பு. அதற்காகவே செல்லோ வாசிப்பவர்கள் சிலர் உயரம் வேறுபட்ட இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு காலத்துக்கேற்ப மாற்றுகிறார்கள். ஆண்டு முழுவதும் உயரம் கூடிக்கொண்டே போனால் கழுத்தின் ஒட்டு தளர்கிறது என்று ஐயுற வேண்டும்.

ஒலி மங்கிவிட்டது, ஒரு சுரம் மட்டும் உறுமுகிறது

மங்கிய ஒலிக்குத் தந்தியின் முதுமையே முதற்காரணம். அடுத்தது முடியின் முதுமை. நாள்தோறும் வாசிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் வில்லின் முடி ஓய்ந்துவிடும். இவ்விரண்டையும் மாற்றிய பின்னும் மாறாத மங்கலைப் பற்றித்தான் சவுண்ட் போஸ்டின் பக்கம் திரும்ப வேண்டும்.

மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே, குதிரையின் முதல் தந்திப் பக்கத்துப் பாதத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் மெல்லிய ஸ்ப்ரூஸ் தூண் அது. பசை கிடையாது, அளவின் பொருத்தத்தாலும் தந்திகளின் அழுத்தத்தாலும் மட்டுமே நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒருசேரத் தளர்த்தக் கூடாது என்பது இதனால்தான். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒலி மாறும் என்பதால், இதை நகர்த்திப் பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. தக்க கருவியும் பழகிய கையும் இல்லாமல் அதைச் செய்தால் உட்புறத்தின் மென்மையான மரம் குழிந்துபோகும். அந்தக் குழியைச் சரிசெய்வது எளிதல்ல. வாத்தியத்துக்குள் ஏதோ உருள்கிறது என்றால் தூண் விழுந்துவிட்டது. வயலினின் நான்கு தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. தூணில்லாத மேற்பலகை அந்தப் பாரத்தில் அமுங்கும். உடனே தந்திகளைத் தளர்த்திவிட்டு, எஃப் துளை வழியாகக் கண்ணாடியால் பார்த்து உறுதி செய்துகொண்டு, கைவினைஞரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.

உறுமும் சுரம் செல்லோவில் மிகுதி. தந்தியின் அதிர்வெண்ணும் பெட்டியின் இயல்பான அதிர்வெண்ணும் மிக நெருங்கும் இடத்தில் ஆற்றல் இரண்டுக்கும் இடையே போய்வந்து, ஒலி திக்கித் திக்கி எழுகிறது. இதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். மிக நல்ல செல்லோக்களிலும் இது உண்டு என்பதால், வாத்தியம் தரம் குறைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் இடையே தந்தியில் மாட்டும் சிறு உலோகக் குழாய், சரியான இடம் கண்டுபிடித்து வைத்தால், பெரும்பகுதியை அடக்கிவிடும். வாசிக்கும் நேரத்தில் முழங்கால்களால் பெட்டியை இறுக்குவதும் பயன் தரும்.

வில்லின் தொல்லைகள்

திருகு திரும்பிக்கொண்டே இருக்கிறது, முடி மட்டும் இறுகவில்லை என்றால், கைப்பிடிக் கட்டைக்குள் இருக்கும் பித்தளை மரையின் புரி தேய்ந்துவிட்டது. சிறிய செலவில் மாற்றக்கூடிய பாகம் அது. புரி நன்றாக இருந்தும் இறுகவில்லையெனில் முடி நீண்டுவிட்டது. எதிராக, முழுவதும் தளர்த்தியும் முடி விறைப்பாகவே இருந்தால் வறட்சியில் அது சுருங்கியிருக்கிறது. அந்த வில் ஓய்விலும் இழுபட்டுக்கொண்டே இருக்கும், நாளடைவில் வளைவை இழக்கும். வாசிக்கும்போது தண்டுக்கும் முடிக்கும் நடுவிடத்தில் ஒரு பென்சில் அளவு இடைவெளி போதும். வாசித்து முடித்தவுடன் தளர்த்திவிட வேண்டும்.

ஒரு பக்கத்து முடிகள் மட்டும் அறுந்து குறைந்தால் தண்டு பக்கவாட்டில் கோணத் தொடங்கும். அறுந்த முடியைப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டவும். பிய்த்தால் கட்டு தளரும். நெடுநாள் திறக்காத பெட்டியில் முடிகள் தாமாக அறுந்து கிடந்தால் அது சிறு வண்டின் புழு செய்த வேலை. பெட்டியைக் காலி செய்து, உள்துணியின் இடுக்குகளை உறிஞ்சிக் கருவியால் சுத்தம் செய்து, வெயிலில் திறந்து வைத்துவிட்டு, வில்லுக்குப் புதிய முடி கட்ட வேண்டும். பழைய பெட்டியிலேயே உடனே வைத்தால் புதிய முடியும் இரையாகும்.

வில்லின் தலைப்பகுதியில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால், அது வார்னிஷின் கீறலாகவே இருந்தாலும், ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை இறுக்கக் கூடாது.

வெடிப்பும் வார்னிஷும்

மேற்பலகையில் வெடிப்பு காணப்பட்டால் செய்ய வேண்டியவை மிகக் குறைவு: தந்திகளைப் பாதியளவு தளர்த்த வேண்டும், வெடிப்பை விரலால் அழுத்திப் பார்க்காமல் இருக்க வேண்டும், அதன்மீது எந்த மெருகுத் திரவத்தையும் தடவாமல் இருக்க வேண்டும். எண்ணெய் இறங்கிய வெடிப்பில் பசை பிடிக்காது. சவுண்ட் போஸ்டுக்கு நேராக மேலேயோ கீழேயோ ஓடும் வெடிப்பு எல்லாவற்றிலும் கடுமையானது. உள்ளிருந்து மரத்துண்டு பதித்துப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும். மூடிய வாகனத்தில் வெயிலில் விட்ட வாத்தியத்தின் வார்னிஷ் இளகி, பெட்டியின் துணி அச்சு அதில் பதிந்திருந்தால், தேய்த்து எடுக்க முயலாமல் குளிர்ந்த இடத்தில் கிடத்தி ஆறவிட வேண்டும். விளிம்பிலிருந்து மரச் சிலாம்பு பெயர்ந்து விழுந்திருந்தால், அது எவ்வளவு சிறியதானாலும், ஒரு காகிதத்தில் மடித்து வாத்தியத்தோடு எடுத்துச் செல்ல வேண்டும். பெயர்ந்த மரமே பொருந்துவதுபோல் புதிய மரம் பொருந்தாது.